பாத்தி கட்டிய காலமும் பதாகை பிடிக்கும் காலமும்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் திருத்தணிப் பக்கம் உள்ள எங்கள் ஊரான பொதட்டூர்பேட்டைத் தெருக்களில் பிள்ளைகள் ஊர்வலம் போகும். கையில் பதாகை, வாயில் முழக்கம். இருபுறமும் வீடுகளுக்குள் விசைத்தறி ஓடும் சத்தம். அதையும் மீறிப் பிள்ளைகளின் குரல் கேட்கும். மரம் வளர்ப்போம், நீரைச் சேமிப்போம், பிளாஸ்டிக்கை ஒழிப்போம். பள்ளிக்குத் திரும்பியதும் ஒரு மரக்கன்று நடுவார்கள். 1972ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி ஸ்டாக்ஹோம் நகரில் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கியது. இந்திரா காந்தி அங்கே போய்ப் பேசினார். அதன் நினைவாகத்தான் ஜூன் 5ஐச் சுற்றுச்சூழல் நாளாக உலகம் முழுவதும் கொண்டாடுகிறோம். நல்ல நாள், நல்ல ஊர்வலம். அதில் போகும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனம் நிறைகிறது.

ஆனால் அந்த மாநாடு நடந்த ஸ்வீடனில் ஜூன் மாதம் பச்சை பிடிக்கும் காலம். எங்கள் பக்கம் அப்போதுதான் கத்திரி முடிந்து மண் சுட்டுக்கொண்டிருக்கும். ஆடி பிறந்து இரண்டு மழை விழுந்தால்தான் மண்வெட்டி இறங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் கன்று நன்றாக வேர் பிடிக்கும். ஜூன் 5இல் நட்ட கன்று பிழைக்க வேண்டும் என்றால் யாராவது விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்படி ஊற்றும் கை யாருடையது என்பதுதான் நான் கேட்க வந்த கேள்வி.

எழுபதுகளில் நான் படித்த பள்ளியில் சுற்றுச்சூழல் என்று ஒரு பாடம் கிடையாது. மன்றம் கிடையாது, நாள் கிடையாது, சான்றிதழும் கிடையாது. தோட்ட பீரியட் ஒன்று இருந்தது. வகுப்புக்கு ஒரு பாத்தி. வெண்டை, கொத்தவரை, அவரை, சிறுகீரை. பெரிய பிள்ளைகள் கிணற்றில் சேந்திக் கொடுக்க, சின்னவர்கள் குடத்தில் சுமந்து வந்து ஊற்றுவோம். ஊற்றுவதற்கு முன் செடியின் பக்கத்தில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும் என்பது தோட்ட வாத்தியாரின் சட்டம். “ஈரம் இருந்தா ஊத்தாதடா. செடிக்கு நீ ஊத்தற தண்ணி வாணாம், வேணும்கிற தண்ணிதான் வேணும்” என்பார். எவ்வளவு ஆழத்தில் ஈரம் நிற்கிறது, எந்த மூலையில் மண் சீக்கிரம் காய்கிறது, கீரைப் பாத்தியை விட அவரைப் பந்தலடி ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது என்பதெல்லாம் எங்கள் விரலுக்குத் தெரிந்தது. அதற்குப் பரீட்சை வைக்கவில்லை.

அந்தத் தோட்ட பீரியடுக்கு ஒரு வரலாறு உண்டு. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாட்டிலிருந்து பிறந்தது ஆதாரக் கல்வி. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, கணக்கையும் அறிவியலையும் அதன் வழியாகவே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. தமிழ்நாட்டிலும் ஆதாரப் பள்ளிகள் நடந்தன. பிள்ளைகள் தக்ளியில் நூல் நூற்றார்கள். நான் பள்ளிக்குப் போன காலத்தில் அந்தத் திட்டம் தேய்ந்துபோய், தோட்டமும் கைவேலையும் மட்டும் மிச்சமாக நின்றன. அந்த மிச்சமே எங்களுக்கு அவ்வளவு கொடுத்தது.

நெசவாளர் ஊரில் பிள்ளைகளின் கை சும்மா இருக்காது. பள்ளி விட்டு வந்தால் ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்ற வேண்டும். விடியற்காலையில் தெரு நீளத்துக்கு, தறியின் நெடுக்கு நூலாகிய பாவு விரித்துக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் காய வேண்டும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் நூல் அறும். நகரி மலை மூக்கில் மேகம் கட்டியிருந்தால் எங்கள் ஆயா அன்றைக்குப் பாவு விரிக்க விடமாட்டாள். வடித்த கஞ்சியில் மிஞ்சியது மாட்டுத் தொட்டிக்குப் போகும். காற்று, ஈரம், மேகம் எல்லாமே எங்கள் வீட்டு வருமானத்தோடு ஒட்டிய சங்கதிகள். இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தார் சுற்றச் சுற்றப் படிப்பை விட்டுத் தறிக்குழியில் இறங்கிய பிள்ளைகள் என் வகுப்பிலேயே பலர். அந்தக் காலம் அப்படியே திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிள்ளை பள்ளியில்தான் இருக்க வேண்டும். பள்ளிக்குள்ளேயே அதன் கைக்கு வேலை வேண்டும்.

அந்த நாளில் கற்ற ஒரு பாடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். ஊருக்கு வெளியே கிணற்று மேட்டுப் பனையில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். காற்றில் விழுந்த பழைய கூடு ஒன்றை வாத்தியார் எடுத்து வந்து வகுப்பின் நடுவில் வைத்தார். அவசரப்படாமல் ஒவ்வொரு நாராகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். எல்லோரும் தறி வீட்டுப் பிள்ளைகள். பாவு எது, குறுக்கு நூலாகிய ஊடை எது என்று தேட ஆரம்பித்தோம். நெல் தாளைக் கிழித்த நார் இருந்தது, பனையோலைக் கீற்றின் நார் இருந்தது, உள்பக்கம் காய்ந்த களிமண் அப்பியிருந்தது. ஒரு பையன் திடீரென்று எழுந்து, “சார், இதுல பாவே இல்ல சார், எல்லாம் முடிச்சும் சுருக்கும்தான்” என்றான். வாத்தியார் முகம் மலர்ந்துவிட்டது. பாவு இல்லாமல் ஒரு துணி நிற்குமா, அலகை மட்டும் வைத்துக்கொண்டு முடிச்சுப் போட முடியுமா என்று மணி அடிக்கும் வரை பேசினோம்.

ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டிவிட்டு நிறுத்தும். பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். முடித்த கையோடு பக்கத்திலேயே இன்னொரு கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணுக்காகக் காத்திருக்கும். பறவை ஆய்வாளர் சாலிம் அலி பம்பாய்க்கு அருகே கிஹிம் கடற்கரைக் கிராமத்தில் பொறுமையாக உட்கார்ந்து கவனித்து, 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் எழுதிய உண்மை இது. அவர் பெயரை நான் வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். ஆனால் பனையடியில் பாதியில் விட்ட கூடுகள் ஏன் இத்தனை கிடக்கின்றன என்ற கேள்வி அந்தக் கூட்டைப் பிரித்த நாளிலிருந்தே என்னோடு இருந்தது. கேள்வி கைவழியாக வந்தால் அது போகாது.

அதே பள்ளி எங்களை ஒரு நாளும் தெரு வாய்க்கால் பக்கம் அழைத்துப் போகவில்லை. நூலுக்குச் சாயம் தோய்க்கும் நாட்களில் வாய்க்கால் ஒருநாள் சிவப்பாக ஓடும், மறுநாள் நீலமாக ஓடும். அடுத்து என்ன கலர் லுங்கி தறிக்கு ஏறப்போகிறது என்று அதைப் பார்த்தே பிள்ளைகள் பந்தயம் கட்டுவோம். அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது, யார் கிணற்றில் இறங்குகிறது என்று பெரியவர்களும் கேட்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. மண்ணைத் தொடக் கற்றுக்கொடுத்த காலத்துக்கு நஞ்சைப் பற்றிப் பேசத் தெரியாது. பழைய காலத்தைப் புகழும் எல்லோரும் இதைச் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இப்போது நிலைமை தலைகீழ். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைப் பள்ளிப் பாடமாக்கச் சொன்னது. 2003இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. 2001 வாக்கில் மத்திய அரசு தேசிய பசுமைப் படையைத் தொடங்கி, நாடெங்கும் பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்களை அமைத்தது. இன்று எங்கள் ஊர்ப் பிள்ளை நொய்யல் ஆற்றைப் பற்றி என்னை விட நன்றாகப் பேசும். பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் சொல்லும். இந்த அறிவு எங்களுக்குக் கிடைக்காத செல்வம். ஆனால் அதே பிள்ளையிடம், உன் தெரு வாய்க்கால் எந்த ஏரிக்குப் போகிறது என்று கேட்டால் முழிக்கிறது. வெகுதொலைவில் உள்ள ஆறு பாடத்தில் இருக்கிறது. வாசற்படியில் ஓடும் தண்ணீர் இல்லை.

இந்த இடைவெளியை ஒரு பிடி பயறு குறைத்துவிடும். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி இதைச் சமையலறை ஓரத்தில் செய்தாள். மூன்று தட்டு, மூன்றிலும் பஞ்சு, தட்டுக்கு இருபது பச்சைப்பயறு. முதல் தட்டுக்குக் கிணற்றுத் தண்ணீர், இரண்டாவதற்குச் சாயம் அலசிய தண்ணீர், மூன்றாவதற்கு வெறும் உப்புக் கரைத்த தண்ணீர். மூன்றாம் நாள் முளைத்ததை எண்ணி, ஸ்கேல் வைத்து வேரை அளந்து நோட்டில் எழுதினாள். கிணற்றுத் தண்ணீர்த் தட்டில் வேர் நீண்டு வளைந்திருந்தது. மற்ற இரண்டிலும் பாதிக்கு மேல் கண்ணே திறக்கவில்லை, திறந்ததும் குட்டை. “தாத்தா, கலர் இல்லாத உப்புத் தண்ணியும் அதே வேலையத்தான் பண்ணுது பாரு” என்றாள். பருத்தி நூலில் சாயம் ஏற உப்பு நிறையப் போட வேண்டும் என்றும், கலரை வடித்து எடுத்துவிட்டாலும் கரைந்த உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும் என்றும், அதை எடுக்கத்தான் பெரிய செலவில் இயந்திரம் தேவைப்படுகிறது என்றும் நான் சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், “அப்ப நம்ம தெருத் தண்ணி எங்க போவுது தாத்தா?” என்று கேட்டாள். நொய்யல் பாடத்தை ஒப்பித்தபோது அவளுக்குத் தோன்றாத கேள்வி அது.

துணி விஷயமும் இப்படித்தான். நாங்கள் படித்த காலத்தில் கடைக்குப் போனால் வீட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போவோம். பொட்டலம் காகிதத்தில், சாப்பாடு தையல் இலையில். யாரும் எங்களுக்கு அறிவுரை சொல்லவில்லை, வேறு வழியும் இல்லை. இன்று லுங்கி நெய்யும் ஊரில், தறிச் சத்தம் கேட்கும் கடையிலேயே பிளாஸ்டிக் பையில் கத்திரிக்காய் கட்டித் தருகிறார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கியது. துணிப் பைக்காக அரசு இயக்கம் நடத்த வேண்டிய நிலை, துணி நெய்யும் ஊருக்கும் வந்துவிட்டது. ஆனால் இதைச் சரிசெய்ய எங்கள் ஊருக்கு இருக்கும் வசதி வேறு ஊருக்கு இல்லை. தறியில் மிஞ்சும் துண்டுத் துணி வீட்டுக்கு வீடு கிடைக்கும், தையல் மெஷினும் இருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஒரு பை தைத்து, அதைத் தன் வீட்டு ஆணியில் மாட்டட்டும். பதாகையில் எழுதிய வாசகத்தை விட அந்தப் பை நாள்படப் பேசும்.

ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊரைப் பற்றிப் பேச முடியாது. சொரக்காய்பேட்டை, நெடியம் பக்கம் கொசஸ்தலை ஆற்று மணலில் நாங்கள் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்திருக்கிறோம். இன்று பிள்ளைகளை ஆற்றுக்கு அழைத்துப் போக ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. மணல் அள்ளிய பள்ளங்களில் குளிக்கப் போய் எத்தனை ஊர்களில் எத்தனை பிள்ளைகள் போய்விட்டார்கள் என்று ஆண்டுதோறும் படிக்கிறோம். அதற்காக ஆறே வேண்டாம் என்று விட்டுவிட்டால், அந்தப் பள்ளங்களைத் தட்டிக்கேட்கவும் நாளைக்கு ஆள் இருக்காது. தண்ணீர் இல்லாத மாசி, பங்குனியில், பெற்றோர் சிலரையும் துணைக்கு வைத்துக்கொண்டு போகலாம். ஊற்று எத்தனை அடியில் சுரக்கிறது என்று அளக்கலாம். கூழாங்கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். இதே ஆற்றுப் படுகையில், பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழாய்வு செய்து, அவற்றில் மிகப் பழையவை 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011இல் நிறுவினார்கள். குவார்ட்சைட் கல்லைத் தட்டிச் செய்த கருவிகள் அவை. இந்த மண்ணில் மனிதக் கை கல்வி கற்றதற்கு அவ்வளவு பழைய சாட்சி இருக்கிறது.

அந்த ஆற்றுக்கு எல்லை கிடையாது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது திருத்தணிப் பக்கம் அதனோடு போனது. மங்கலங்கிழார், ம.பொ.சி. போன்றவர்கள் தொடங்கிவைத்த போராட்டத்தின் பலனாக, எல்லைத் தகராறைத் தீர்த்த படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி தமிழகத்துக்குத் திரும்பியது. எல்லைக்கோடு ஒரு நாளில் மாறியது. தண்ணீர் வரும் வழி மாறவில்லை. ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்தால் பள்ளிப்பட்டுப் பக்கத் தரைப்பாலங்கள் முழுகும். அந்த வெள்ளம் பூண்டி ஏரிக்குப் போய்ச் சென்னை குடிக்கும் தண்ணீராகிறது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு எல்லைக்கு அப்பால் நகரியில் மாமா வீடு உண்டு, தெலுங்கும் பேசுவார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் ஒரு பள்ளி, இரண்டிலும் பாட்டிலை அறுத்துச் செய்த மழைமானி இருக்கட்டும். மழை நாளில் இரு பக்கமும் அளவைப் போனில் சொல்லிக்கொள்ளட்டும். மேலே எவ்வளவு பெய்தால் கீழே எத்தனை மணி நேரத்தில் ஆறு ஏறுகிறது என்பதை இரண்டு மழைக்காலத்தில் பிள்ளைகளே கண்டுவிடுவார்கள்.

மழைமானியில் கணக்குப் பாடமும் இருக்கிறது. 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 சதுர மீட்டர் பரப்பில் 1 லிட்டர் தண்ணீர். பள்ளியின் மொட்டைமாடி 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிமீட்டர் மழையில் 5,000 லிட்டர். 2003இல் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமாக்கிய மழைநீர்ச் சேகரிப்புக் குழாய் இன்று எத்தனை வீட்டில் அடைத்துக் கிடக்கிறது என்று இந்தக் கணக்குப் போட்ட பிள்ளை வீட்டுக்கு வந்ததும் பார்க்கும். பார்த்தால் சும்மா இருக்காது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. இங்கே தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. 10 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, தாங்களே அளந்து, ஆய்வறிக்கை எழுதி, மேடையில் சொல்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்புவரை செய்து பார்த்துக் கற்பதற்காக 2022 நவம்பரில் வானவில் மன்றம் வந்தது. வழி திறந்துதான் இருக்கிறது. மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஓடும் நேரத்தில் வாரத்துக்கு இரண்டு பீரியடை இதற்கு ஒதுக்கும் துணிவுதான் தேவை. பாடம் முடியவில்லை என்று ஆசிரியரை நெருக்குபவர்கள் பெற்றோர்களாகிய நாமும்தான் என்பதால், அந்தத் துணிவு நம்மிடமிருந்தும் வர வேண்டும்.

ஓர் ஆண்டுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். ஜூன் 5இல் ஊர்வலம் போகட்டும். அன்றைக்குக் குழி மட்டும் வெட்டி மண்ணை ஆறவிடலாம். ஆடி மழைக்குப் பிறகு கன்று நட்டு, ஒவ்வொரு கன்றையும் இரண்டு பிள்ளைகளின் பெயரில் ஒப்படைக்கலாம். புரட்டாசிக்குள் மழைமானி தயாராக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழையை அளக்கலாம். மார்கழியில் விடுமுறைக்கு முன் பயறுத் தட்டு. மாசியில் ஆறு. ஆண்டு முழுவதும் வாரம் ஒருமுறை, முடிச்சுப் போட்ட கயிற்றை விட்டு ஊர்ப் பொதுக் கிணறுகளின் நீர்மட்டத்தைப் பெரியவர் ஒருவரின் துணையோடு அளந்து நோட்டில் ஏற்ற வேண்டும். காசு அதிகம் வேண்டாம். ஓர் ஆசிரியர், ஒரு கயிறு, ஒரு நோட்டு போதும்.

எங்கள் தலைமுறையின் கையில் மண் இருந்தது, அதில் கலக்கும் நஞ்சைப் பற்றிய அறிவு இல்லை. இந்தத் தலைமுறைக்கு அறிவு இருக்கிறது. கையில் மண் ஒட்ட நாம்தான் விடவில்லை. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் இதுவரை பார்த்ததில்லை. ஓர் ஆண்டு முழுவதும் கிணறு அளந்த பிள்ளையிடம் ஊரில் வேறு யாரிடமும் இல்லாத கணக்கு ஒன்று இருக்கும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய், எந்தத் தெருவில் எத்தனை அடி இறங்கியிருக்கிறது, ஏன் இறங்கியது, என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அவர்களுக்குப் பின்னால் போய் நிற்கப் பெற்றோர்களாகிய நாம் தயாராக இருக்க வேண்டும்.